பதினோரு நிமிட அனுபவம்

வண்டி உயிரோடு இருக்கிறதா அணைந்துவிட்டதா என்று தனக்கோட்டிக்குத் தெரியவில்லை. கண் ஆஸ்பத்திரியின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பொத்தானை அமுக்கியாகிவிட்டது. ஆனால் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த திரையில் ஒரு பச்சை எழுத்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஸ்டியரிங்கில் வைத்த விரல் சொல்லிவிடும். டீசல் என்றால் உட்காரும் இடமே சொல்லும். இந்த எலக்ட்ரிக் காரில் விரலுக்கும் தகவல் இல்லை, முதுகுக்கும் தகவல் இல்லை, ஏசி மட்டும் எங்கிருந்தோ மெல்லக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறக்கலாமா, இறங்கினால் இது தன் பாட்டுக்கு நகர்ந்து முன்னால் நிற்கும் சக்கர நாற்காலியின்மேல் ஏறிவிடுமா என்று யோசித்தபடி, வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து மேலே கொண்டுவரும்போதும் இப்படித்தான். செக்யூரிட்டி வா வா என்று கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து, வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். போகட்டும், மெதுவாக வந்ததற்காக யாரும் அடிபட்டதில்லை. கண்ணாடிக் கதவு விலகியது. பெரியவர் கண்ணில் கட்டோடு, தரையில் விழுந்த எதையோ தேடுகிறவர் மாதிரி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மகள், ஒரு கை அப்பாவின் தோளில், இன்னொரு கையில் தலையணை. நேற்று மாலை போனில் பேசிய தையல்நாயகி இவள்தான். வண்டி அவளுடையது, தினமும் அவளே ஓட்டுவதுதான். இன்றைக்கு அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார வேண்டியிருப்பதால் ஆக்டிங் டிரைவர் கேட்டிருந்தாள். சொந்தமாக வண்டி இருந்தும் அன்றைக்கு ஓட்ட முடியாதவர்களுக்கு ஓட்டிக்கொடுப்பதுதான் தனக்கோட்டியின் தொழில். முப்பத்தொரு வருஷம். அடுத்தவர் வண்டியை எடுத்தால் தெருமுனை திரும்புவதற்குள் அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று இடது கால் கண்டுபிடித்துவிடும். இந்த வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை.

பெரியவர் பெயர் சபாநாயகம். நில அளவைத் துறையில் படம் வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண் இருபது வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணில் விழித்திரை கழன்றுபோய் நேற்று ஆபரேஷன். உள்ளே வாயுக் குமிழ் வைத்திருக்கிறார்கள், முகம் கவிழ்ந்தே இருந்தால் அந்தக் குமிழ் எழும்பிக் கழன்ற திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும், ஏழு நாள் இப்படியேதான் என்று கூட வந்த நர்ஸ் சொன்னாள். மகளிடம் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து தனக்கோட்டியிடமும் தனியாகச் சொன்னாள். வண்டி குலுங்கக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது, திடீர் பிரேக் கூடாது, ஒட்டின இடம் திரும்ப விட்டுப்போச்சுன்னா அப்புறம் கஷ்டம். தலையாட்டினார். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஆட்டிவிட்டோமோ என்று அப்புறம்தான் தோன்றியது. இப்படி முந்திக்கொண்டு ஆட்டுவதும் சொல்லுவதும்தான் வினை. நேற்றும் அப்படித்தான். எலக்ட்ரிக் ஓட்டியிருக்கீங்களா என்று தையல்நாயகி போனில் கேட்டு முடிக்கவில்லை, ஓட்டியிருக்கேம்மா என்று வாய் சொல்லிவிட்டது. பொய் என்று சொல்ல முடியாது. ஓட்டியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்பு, அண்ணா நகரில் வேறொருவர் வண்டியை, பதினோரு நிமிடம். திரையில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதினொன்று என்று தெரியும், இல்லாவிட்டால் அரை மணி என்று சொல்லியிருப்பார். அந்தப் பதினோரு நிமிடத்தில் பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை.

போர்ட்டிகோ சரிவில் பிரேக்கை விட்டார், மிதிக்காமலேயே வண்டி ஊர்ந்தது. நல்லது. சாலையில் சேரும் இடத்தில் கால் கட்டைவிரலை மட்டும் ஆக்சிலரேட்டரில் வைத்தார், கட்டைவிரலுக்கே வண்டி முன்னால் போய் நின்றது போல இருந்தது, விரலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்தது. எடுப்பதையும் மெதுவாக எடுக்க வேண்டும். மிதிப்பது, எடுப்பது எல்லாம் அப்படி அப்படியே சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பழைய வண்டிகளில் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கால அவகாசம் உண்டு. கால் கேட்கும், என்ஜின் உறுமி யோசிக்கும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். அந்த இடைப்பட்ட நேரத்தில் மனசு மாறலாம், எத்தனையோ முறை மாறியிருக்கிறது, லாரிக்கு முன்னால் பாயலாம் என்று கால் முடிவெடுத்த பிறகு வேண்டாம் என்று தலை முடிவெடுத்து, வண்டி கிளம்புவதற்குள் கால் திரும்பி வந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதரையும் தொடாமல் ஓட்டியது தன் திறமை என்றுதான் நினைத்திருந்தார். அதில் பாதி என்ஜினின் சோம்பேறித்தனமோ என்னவோ. அன்றைக்கு அண்ணா நகரில் பதினோராவது நிமிடத்தில் அந்த வீட்டுக் கேட்டுக்குள் வண்டியைத் திருப்பினார். வாசலில் சின்ன ஏற்றம். ஏற்றம் என்றால் கொஞ்சம் கூட மிதிப்பது வழக்கம், மிதித்தார். அடுத்துத் தெரிந்தது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, நான்கு காலும் நான்கு பக்கம் பரப்பிக்கொண்டு பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் தட்டையாக. நாற்காலியில் இருக்க வேண்டிய வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போட எழுந்து போயிருந்தார். சுவிட்சில் கை வைத்தபடியே திரும்பி நாற்காலியைப் பார்த்தார், தனக்கோட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் சொந்தக்காரரும் ஒன்றும் சொல்லாமல் சாவிக்குக் கை நீட்டினார். ஒரு வசவு விழுந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து எந்த இடம் என்று பெரியவர் கேட்டார். தலை முழங்காலில் இருந்த தலையணைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்ததால் குரல் தரையிலிருந்து வந்தது. பாலம் என்று மகள் சொன்னாள். பாலத்தில் எந்தப் பக்கம், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று மறுபடி கேட்டார். ஏறுகிறோம் என்று தனக்கோட்டி சொன்னார். அப்படியா, தெரியவே இல்லை என்றார் பெரியவர். பாராட்டாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். தனக்கோட்டிக்கு முதுகில் வியர்த்தது. ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது, நின்றார், இந்த வண்டி பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொண்டு நின்றது, அதுவும் ஒரு வேலை போயிற்று. பஸ் கிளம்பியது. கட்டைவிரல். இன்னும் கொஞ்சம். இப்போது மிதிப்பது விரலா பாதமா என்று சரியாகத் தெரியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கலாம். அது செருப்பின் குற்றம்தானா என்பது வேறு விஷயம். மாசி மாதம் சர்க்கரைக்குக் காட்டப் போனபோது டாக்டர், கால் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க, ஓர் இரும்புக் கவைக்கோலைத் தட்டி அதிர வைத்து, அதைக் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு தெரியுதா என்று கேட்டார். தெரியுது சார் என்று சொன்னார். தெரிந்ததா? சில்லென்று இரும்பு பட்டது தெரிந்தது. அதிர்ந்ததா என்று கேட்டால், அதிர்ந்திருக்கும். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் டாக்டர் ஒரு சீட்டில் எழுதியிருப்பார், சீட்டை வீட்டில் மனைவி அஞ்சுகம் படித்திருப்பாள், படித்துவிட்டு வண்டிச் சாவியைத் தொட விட்டிருக்க மாட்டாள். ஆகவே தெரிந்தது. அன்றைக்கு ஏற்றத்தில் கூட மிதித்தது வண்டியின் குணமா, காலுக்கு மிதித்த அளவு தெரியாமல் போனதா? வண்டி என்றால் பழகிக்கொள்ளலாம். கால் என்றால் எந்த வண்டியும் இல்லை. இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது, கேட்ட மாத்திரத்தில் பதில் மாதிரி ஆகிவிடும். டிரைவர்கள் குரூப்பை நடத்துகிற ஜோதிலிங்கம், எலக்ட்ரிக் தெரியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்புறம் கஸ்டமரிடம் நான் பேச்சு வாங்க முடியாது என்று எழுதியிருந்தான். இரண்டு பேர் தெரியாது என்று சொன்னார்கள். நல்ல ஓட்டுநர்கள். பத்து நாளாக அந்த இரண்டு பேருக்கும் அழைப்பே போகவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து அடுத்தவர் போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வடபழனி சிக்னலில் நூற்றுப் பத்து நொடி. எண் இறங்குவதையே பார்த்தார். பின்னால் தையல்நாயகி ஏதோ மெல்லச் சொன்னாள், பெரியவர் கழுத்து வலிக்கிறது என்றார், நான் பிடிச்சிருக்கேன் நீங்க கழுத்தை விட்டுடுங்க என்றாள் அவள். கண்ணாடியில் பெரியவரின் பின்மண்டை மட்டும் தெரிந்தது. நரைமுடி படியாமல் ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. ஒரு தேங்காயை உறியில் வைத்துக் கொண்டுபோவது மாதிரி என்று நினைத்தார், தேங்காய் என்று நினைத்ததற்காக உடனே வருந்தினார். அந்தத் தலைக்குள் ஒரு கண், கண்ணுக்குள் ஒரு குமிழ், குமிழுக்கு மேலே வெங்காயச் சருகு கனத்தில் ஒரு திரை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது மகளின் கை என்று அவள் நினைக்கிறாள். தன் கட்டைவிரல்தான் என்று தனக்கோட்டிக்குத் தெரியும், ஒருவேளை அதிர்வு தெரியாத அந்தக் கட்டைவிரல். எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. நான்கு, மூன்று. பின்னாலிருந்து ஹாரன் ஆரம்பித்தது. ஊர்ந்து கிளம்பினார், பின்னால் வந்த வேன்காரன் பக்கத்தில் வந்து, வண்டிக்குச் சாவி கொடுக்க மறந்துட்டியா பெரிசு என்று கேட்டுவிட்டுப் போனான். கேட்கட்டும்.

விருகம்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்த இடத்தில் சாலை ஒரு வண்டி அளவுக்குச் சுருங்குகிறது. தகரத்தை ஒட்டியே போனார், இருபதில், இருபத்திரண்டில். தகரம் முடிகிற இடத்திலிருந்து ஒரு பைக், முதுகில் சாப்பாட்டுப் பெட்டி சுமந்தவன், எதிர்த் திசையில் நேராக வந்தான். தலை ஒன்றும் முடிவெடுக்கவில்லை. கால்கள் முடிவெடுத்தன. வலது கால் பிரேக்குக்குப் போனது, இடது காலும் கூடவே போனது, முப்பத்தொரு வருஷமாக எங்கே போகுமோ அங்கே, கிளட்சுக்கு, முழு பலத்தோடு தரை வரைக்கும். அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக்கின் இடது பாதிதான் இருந்தது. இரண்டு காலும் ஒரே பிரேக்கில். வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது. பைக்கில் வந்தவன் வளைந்து போயே போய்விட்டான். பின்னால் ஒரு சத்தம், பெரிய சத்தம் இல்லை, தலையணைமேல் ஒரு புத்தகம் விழுந்த மாதிரி. அப்புறம் தையல்நாயகி அப்பா என்றாள். ஒரு தரம்தான் சொன்னாள். தனக்கோட்டி கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஏதோ ஒன்று அவருக்குள் கணக்குப் போட்டது. பெரியவர்தான் முதலில் பேசினார், தரையிலிருந்து, நிதானமாக.

"கிளட்சைத் தேடினீங்களா தம்பி?"

தனக்கோட்டி இடது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். வேலையில் இருந்தபோது ஜீப் ஓட்டியிருக்கிறேன், ரெண்டு காலும் சேர்ந்து விழுந்தது கேட்டது என்று பெரியவர் சொன்னார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள் தையல்நாயகி. மூடிக்கிடந்த ஒரு பெயின்ட் கடை வாசலில், ஊர்ந்து ஊர்ந்து, ஓரம் கட்டினார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வலி இருக்கா, மின்னல் மாதிரி வெட்டுச்சா, திரை விழுந்த மாதிரி இருட்டுதா என்று அங்கிருந்து கேட்டதை ஒவ்வொன்றாக அவள் கேட்க, இல்லை, இல்லை, கட்டுக்குள்ளே எல்லாமே இருட்டுதானேம்மா என்று பெரியவர் சொன்னார். அப்படியானால் தலையைத் தூக்காமல் வீட்டுக்குப் போங்கள், காலை எட்டு மணிக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னார்கள். போனை வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஓட்டியிருக்கேன்னு சொன்னீங்க."

"ஒரு தடவைம்மா. பதினோரு நிமிஷம்." பிறகு அதோடு நிறுத்த முடியாமல், "கேட்டுக்குள்ள திருப்பறப்போ ஒரு நாற்காலிய இடிச்சிட்டேன். அதுல ஆள் இல்ல" என்றார். அதற்கு மேலும் இருந்தது. கால் கட்டைவிரல், டாக்டர், இரும்புக்கோல். அதுவும் வந்தது, மூன்று வாக்கியத்தில். அஞ்சுகத்திடம் சொல்லாததை, பெயின்ட் கடை வாசலில், முன்சீட்டில் உட்கார்ந்து, முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் லேசாகிவிடும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வேறு ஒரு டிரைவர் வர முக்கால் மணியாவது ஆகும், அதுவரை பெரியவர் இப்படி மடங்கி உட்கார முடியாது என்று அவர் மனம் தொழில்முறையில் கணக்கிட்டது. தையல்நாயகியும் அதையே கணக்கிட்டிருக்க வேண்டும்.

"இறங்குங்க. நான் ஓட்டறேன். நீங்க இங்க வந்து பிடிங்க."

முப்பத்தொரு வருஷத்தில் கஸ்டமர் வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. காத்திருக்கும்போதுகூட முன்சீட்டைச் சாய்த்துக்கொள்வாரே தவிரப் பின்னால் போனதில்லை, அது தொழில் நெறி. செருப்பை வெளியே தட்டிவிட்டு ஏறினார். நெற்றியில் மட்டும், கண் பக்கம் போகாதீங்க, தாங்கிக்கணும், அழுத்தக் கூடாது என்று சொல்லி அவள் தன் கையை உருவ, அவர் தன் கையைக் கொடுத்தார். பெரியவரின் நெற்றி உள்ளங்கையில் இறங்கியது. சூடாக, ஈரமாக, நினைத்ததைவிடக் கனமாக. ஒரு மனிதனின் தலை இத்தனை எடை இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் எத்தனை தலைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இன்னொரு கையைப் பிடரியில் வைத்தார். வண்டி கிளம்பப்போகிறது, கிளம்பினால் எடை பிடரிப் பக்கம் போகும், நின்றால் நெற்றிப் பக்கம் வரும் என்று கையைத் தயாராக்கிக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று நிமிர்ந்து பார்த்தால் பெயின்ட் கடை போய்விட்டிருந்தது. எப்படி எடுத்தாள்? அவள் கால் அவர் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. வளசரவாக்கத்தில் ஒரு சிக்னல் வந்தபோது கையைக் கவனித்தார். சிவப்பு தெரிந்த இடத்திலேயே, இன்னும் நூறடி இருக்கும்போதே, நெற்றியின் எடை மிகக் கொஞ்சமாகக் கூடியது, உப்புப் போடுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பிறகு வண்டி நின்றிருந்தது. அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. காலில் எப்படித் தெரிகிறது என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தாலும் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் கையில் அது தெரிந்தது, சந்தேகமே இல்லாமல் தெரிந்தது, ஒவ்வொரு கிராமும். பெரியவர் திடீரென்று சிரித்தார், சிரிப்பு நெற்றி வழியாகக் கையில் அதிர்ந்தது. இவள் இந்த வண்டி வாங்கின முதல் வாரம் எங்கள் வீட்டு வாசற்படி இரண்டைக் காணாமல் அடித்தாள் தம்பி, என்றார். அப்பா, பேசாம வாங்க, என்று முன்னாலிருந்து குரல் வந்தது. போரூர் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றார் தனக்கோட்டி. ஏரி தெரியுதா? கட்டடம்தான் சார் தெரியுது. ஏரி எல்லையை நான்தான் வரைந்தேன், எண்பத்தொன்பதில், என்றார் பெரியவர். நாளைக் காலை எட்டு மணிக்குக் கட்டைப் பிரிப்பார்கள். அந்தப் புத்தகம் விழுந்த சத்தத்தில் திரை நகர்ந்ததா இல்லையா என்பது இப்போதே தீர்மானமாகிவிட்ட விஷயம், கட்டுக்குள் இருக்கிறது, யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இந்த ஒரு முறையாவது நடந்ததற்கும் தெரிவதற்கும் நடுவில் ஓர் இரவு இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முகலிவாக்கத்தில் வீடு. கீழ்த்தளம்தான். வண்டியிலிருந்து இறக்கும்போதும் கையை எடுக்க வேண்டாம் என்று அவள் சொன்னதால், மூன்று பேரும் குறுகிய வழியில் பக்கவாட்டில் நடந்தார்கள், பெரியவர் குனிந்து, அவர் நெற்றியைத் தாங்கியபடி தனக்கோட்டியும் பாதி குனிந்து. கட்டிலில் குப்புறப் படுக்க வைப்பதற்கு நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தலையணை போட்டிருந்தது. பெரியவரைச் சாய்த்தார்கள். முகம் இறங்கி இடத்தில் பொருந்தியது; தனக்கோட்டியின் கை நெற்றிக்கும் தலையணைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தையல்நாயகி மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். மெதுவா எடுங்க, என்றாள். அவசரம் இல்லை. அவர் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். தலையணையைப் பஞ்சோடு கீழே அமுக்கி, ஒரு விரல் அளவு இடம் செய்து, அந்த இடத்துக்கு நெற்றி இறங்கும் வரை காத்திருந்து, அடுத்த விரல். வெளியே யாரோ தண்ணீர் லாரியைப் பின்னால் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மோதிர விரல். நடுவிரல். முழங்கால் வலித்தது. உள்ளங்கையின் மேடு கடைசியாக வெளியே வந்தபோது கை வியர்த்து, மரத்துப்போய், தன்னுடையதாக இல்லாமல் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துத் தலையணைக்குள்ளிருந்து பெரியவர் கேட்டார்:

"எடுக்கலையா இன்னும்?"

"எடுத்துட்டேன் சார்," என்றார் தனக்கோட்டி.